ஐந்து புடவைப் பயிற்சி

பிப்ரவரி 3, செவ்வாய்

காப்பீட்டு ஏஜென்ட் கொடுத்த டைரி ஒரு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் அதில் பால் கணக்கு எழுதப் போனார், பிடுங்கிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாகக் கணினி ஆசிரியையாக இருக்கும் மங்கையர்க்கரசி பேனா பிடித்து எழுதுகிறாளே என்று யாரும் சிரிக்க வேண்டாம். கொம்புடையார்குளம் அரசு மேல்நிலைப் பள்ளியில் உள்ள பதினெட்டு கணினிகளில் ஓடுவது ஏழு. பேனா தினமும் ஓடுகிறது.

இன்று பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. வெளித் தேர்வாளராக வந்தவள் பக்கத்து ஊர்ப் பள்ளியின் கணினி ஆசிரியை ஜெபக்கனி, என் கூட்டாளி. அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு நான் வெளித் தேர்வாளர். இதில் கண்டிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை அவரவர் யூகித்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் இருபது ப்ரோக்ராம். இருபதையும் பிள்ளைகள் குறள் மாதிரி ஒப்பிக்கும். ஒருத்தி நடுவில் ஒரு வரியை மறந்துவிட்டு, விட்ட இடத்தில் தொடரத் தெரியாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஜெபக்கனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது. போகட்டும்.

எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

பிப்ரவரி 9, திங்கள்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த கல்வியாண்டு முதல் செய்முறைத் தேர்வில் புத்தகத்தில் இல்லாத ப்ரோக்ராமும் கேட்கப்படுமாம். மாணவர் தானே யோசித்து எழுத வேண்டுமாம். யோசிப்பதா! அரசுப் பள்ளியில்! முன்னறிவிப்பில்லாமல்!

ஜெபக்கனி போன் செய்தாள். "ஏட்டி மங்கை, நமக்கே புக்ல உள்ளது மட்டுந்தானே தெரியும்?"

"உனக்குன்னு சொல்லு," என்றேன்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. இரவு தூக்கம் வராததற்குக் காரணம் மொச்சைக் குழம்பு.

பிப்ரவரி 12, வியாழன்

பதினொன்றாம் வகுப்பில் முப்பிடாதி என்று ஒருத்தி இருக்கிறாள். முதல் பெஞ்சு. கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மிஸ், இந்த ப்ரோக்ராம்ல ஒரு வரிய எடுத்துட்டா என்ன ஆகும் மிஸ்?"

"புக்ல எடுக்கச் சொல்லியிருக்கா?"

"இல்ல மிஸ், சும்மா தெரிஞ்சுக்கத்தான்..."

"அது தேர்வுல வராது. உக்காரு."

'அது தேர்வில் வராது' என்பது கல்வித் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. எந்தக் கேள்விக்கும் பொருந்தும். ஆசிரியர் தப்பித்த மாதிரியே இருக்காது, மாணவர் நலனில் அக்கறை உள்ள மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

தலைமையாசிரியர் ஆவுடையப்பன் சார் கூப்பிட்டு விட்டார். அவர் கூப்பிட்டால் ஒன்று புரொஜெக்டர் ஓடவில்லை, அல்லது அவர் மகளுக்கு ஆன்லைனில் ஏதோ விண்ணப்பிக்க வேண்டும். இன்று இரண்டும் இல்லை.

"மிஸ், நீங்க மூணு வருஷமா எழுதி எழுதிக் கேட்டீங்கள்லா, கம்ப்யூட்டர் டீச்சர்களுக்குப் பயிற்சி வேணும்னு? வந்துட்டு! சென்னைல ஒரு கம்பெனிக்காரன் நம்ம மாவட்டத்துக்குப் பணம் குடுக்கான். அஞ்சு நாள் பயிற்சி. நாப்பது பேருக்கு."

நான் அப்படியா சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, கணினி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறைக்குள் தூசி அதிகம், கண் கலங்கிவிட்டது.

இதை நான் எனக்காகக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஜெபக்கனிக்காகக் கேட்டேன். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்காகக் கேட்டேன். ஐந்து நாள்! முதல் நாள் சும்மா அறிமுகம் என்று வைத்துக்கொண்டாலும் நாலு நாள் இருக்கிறது. நாலு நாளில் ஒரு மனுஷி எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். அதாவது, ஜெபக்கனி.

மார்ச் 4, புதன்

மாவட்ட அலுவலகத்தில் திட்டமிடல் கூட்டம். நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் பிச்சுமணி சார். எதையும் ஒருங்கிணைக்கக்கூடிய மனிதர். கண் பரிசோதனை முகாம், கராத்தே, கணினி, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். மூன்றுக்கும் ஒரே கோப்பு, ஒரே வடை.

மூன்று மணி நேரம் பேசினோம். பை என்ன நிறம் என்பதில் ஒரு மணி நேரம். மேடையில் யார் யாருக்குப் பொன்னாடை என்பதில் இன்னொரு மணி நேரம். பிரியாணியா சாப்பாடா என்பதில் கருத்து வேறுபாடு வந்து, சனிக்கிழமை விரதக்காரர்களின் நலன் கருதி இரண்டும் என்று தீர்மானமாயிற்று. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் நான் எழுந்து, "சார், என்ன சொல்லிக் குடுக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

பிச்சுமணி சார் என்னை வாஞ்சையோடு பார்த்தார். "அது கம்பெனில இருந்து வாரவங்க பாத்துக்கிடுவாங்க மிஸ். நம்ம வேல மத்த ஏற்பாடுதான்."

மார்ச் 17, செவ்வாய்

பணம் இன்றுதான் வந்திருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பயிற்சியை முடித்து, படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். இருபத்தாறாம் தேதி வரை பொதுத் தேர்வு, எல்லாரும் தேர்வறைக் கண்காணிப்பில். அதற்கப்புறம் விடைத்தாள் திருத்தும் முகாம். நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு சனிக்கிழமை.

பிச்சுமணி சார் அவசரக் கூட்டம் போட்டுக் கையைப் பிசைந்தார். "திரும்பிப் போச்சுன்னா அடுத்த வருஷம் ஒரு பைசா வராது. அஞ்சு நாள் நடந்ததா படம் வேணும். இருக்கது ஒரு நாளு. என்ன செய்ய? ஆளாளுக்கு ஒரு யோசன சொல்லுங்க."

எனக்கு எரிச்சல். மூன்று வருடம் மனுப் போட்டு வந்த ஐந்து நாள், கண் முன்னால் ஒரு நாளாகிக்கொண்டிருக்கிறது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கென்ன சார், எல்லாரையும் அஞ்சு சேலை, அஞ்சு சட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரே நாள்ல மாத்தி மாத்திக் கட்டிட்டு உக்காந்தா அஞ்சு நாள் ஆச்சு!"

கிண்டலாகத்தான் சொன்னேன். ஆண்டவன் மேல் சத்தியம்.

பிச்சுமணி சார் மெதுவாக எழுந்து நின்றார். "மிஸ்... நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு மிஸ்," என்றார். யாரோ கைதட்டினார்கள். கிண்டலையும் தீர்மானமாக நிறைவேற்றும் அலுவலகத்தில் வாயைத் திறந்தது என் தப்பு. உடைமாற்ற ஒருங்கிணைப்பாளராக என்னையே நியமித்துவிட்டார்கள்.

மார்ச் 27, வெள்ளி

இவர் மின்வாரியத்தில் இருப்பவர், ஆனால் வீட்டு அயர்ன் பாக்ஸைத் தொடுவது ஆண்டுக்கு ஒரு முறை. இன்று தொட்டார்.

"அஞ்சு சேலையா? அஞ்சு நாள் பயிற்சியோ?"

"ஒரு நாள்."

"பின்ன எதுக்கு அஞ்சு?"

"அஞ்சு நாள் பயிற்சிக்கு."

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சேலையைப் பார்த்தேன். இருபது வருடத் தாம்பத்தியத்தில் எப்போது மேலே கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பயிற்சிக்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை.

மார்ச் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இடம், திருமண மண்டபம். பள்ளிகளில் தேர்வுச் சாமான் அடைந்து கிடப்பதால் மண்டபம். இன்று முகூர்த்தமில்லை, வாடகை குறைவு. கணினி ஆசிரியர் நாற்பது பேர், கணினி பூஜ்யம். மேடையில் மாப்பிள்ளை, பெண்ணுக்கான சிவப்பு நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் பிச்சுமணி சார். 'மணமகள் அறை'யில் ஆசிரியைகள் உடை மாற்ற வசதி, 'மணமகன் அறை'யில் ஆசிரியர்கள். மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தவர் தீர்க்கதரிசி.

கம்பெனி சார்பில் வந்தவள் ஃபர்சானா. வயது இருபத்தேழு இருக்கும். மேலப்பாளையத்துப் பெண், சென்னையில் வேலை. ஒரு லேப்டாப், ஒரு தண்ணீர் பாட்டில். ஐந்து நாளுக்கான பாடங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள், பாவம். ஒரே நாள்தான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, பொன்னாடை. எல்லாம் முடிந்து அவள் கையில் மைக் வந்தபோது பதினொன்றரை. பக்கத்து டியூஷன் சென்டரில் இரவல் வாங்கிய வெள்ளைப் போர்டு. மார்க்கர் கொடுத்தவர் பிச்சுமணி சார்.

"நிறைய பேச்சு வேணாம்," என்றாள் ஃபர்சானா. "சின்னதா ஒண்ணு போடுதேன். இது அஞ்சு நாள் பயிற்சி. அதனால ஒண்ணுல இருந்து அஞ்சு வர நாளக் காட்டுத ப்ரோக்ராம். இதுல வேணும்னே ஒரு தப்பு விட்டிருக்கேன். யாராச்சும் கண்டுபிடிங்க பாப்போம்."

போர்டில் மூன்றே வரி. நாள் என்பது ஒன்று. நாள் ஐந்தைத் தாண்டாத வரைக்கும், கீழே உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய். நாள் எத்தனை என்று திரையில் காட்டு. அவ்வளவுதான்.

நாற்பது பேர் போர்டைப் பார்த்தோம். மின்விசிறி சத்தம் நன்றாகக் கேட்டது. தப்பு தெரியாமல் சும்மா இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் கை தூக்கித் தப்பாகச் சொல்லிவிட்டால் மாவட்டம் முழுக்கப் பேச்சாகிவிடும், அதனால் சும்மா இருந்தோம். குறைந்தபட்சம் நான் அதனால்தான் சும்மா இருந்தேன். ஜெபக்கனி காதோரம், "ஏட்டி, இது புக்ல இல்லையே," என்றாள். எனக்கும் அதேதான் தோன்றிற்று. ஆனாலும் கை என்னவோ மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. ஏதோ ஒரு வரி குறைகிற மாதிரி, சோற்றில் உப்பு இல்லாத மாதிரி, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால்...

"மிஸ், முதல் நாள் படம் எடுத்தாச்சு! ரெண்டாம் நாளுக்கு மாத்திருங்க!" என்று பிச்சுமணி சார் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

உடைமாற்ற ஒருங்கிணைப்பாளர் எழுந்தேன். எழத்தானே வேண்டும்.

மணமகள் அறையில் இருபத்திரண்டு பேர், ஒரு கண்ணாடி. பின்னூசி கேட்டு ஒரு குரல், பாவாடை நாடா அறுந்து ஒரு குரல். வெளியே வந்தால் ஆண்கள் எல்லாரும் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே வேட்டி, அதே பேன்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குக் கீழே நாள் மாறவில்லை. நான்தான் புத்தி சொல்லி, இடத்தையும் மாற்றி உட்கார வைத்தேன். செல்போனில் தேதியை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றி வைத்துப் படம் எடுக்கச் சொன்னதும் நான்தான். அறிவியல் வளர்ச்சியை இந்த மாவட்டத்துக்குப் பயன்படுத்தத் தெரியாது என்று எவன் சொன்னான்?

மூன்றாம் நாள் படத்துக்கு முன்னால் போர்டை அழிக்கப் போனார்கள். அழியவில்லை. பிச்சுமணி சார் கொடுத்தது அழியா மை மார்க்கர், உரச் சாக்கில் பேர் எழுதுவார்களே, அது. சானிடைசர், எச்சில், எலுமிச்சம்பழம், ஒன்றும் நடக்கவில்லை.

"போர்டு இல்லாம எடுத்தா சடங்கு வீடு மாதிரில்லா இருக்கும்?" என்றார் பிச்சுமணி சார்.

"இருக்கட்டும் சார்," என்றேன் நான். "படத்துல ப்ரோக்ராமை யாரு படிக்கப் போறா?"

ஃபர்சானா மேடை ஓரத்தில் பெண் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லேப்டாப்பை மூடிவிட்டிருந்தாள். நான்காம் நாளில் ஒரு தடவை, நான் மாம்பழக் கலர் சேலையில் அவளைக் கடந்து போகும்போது, "மேடம், உங்களுக்கு ஏதோ தோணுச்சுதானே? கை தூக்க வந்தீங்க," என்று கேட்டாள்.

"இல்லம்மா, கொசு," என்றேன்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்கு முடிந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. பை கத்தரிப்பூ நிறம்.

மார்ச் 31, செவ்வாய்

அறிக்கை போய்விட்டது. "பயிற்சியின் பயன்: மிக மிக நன்று." நாற்பது கையெழுத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 10, வெள்ளி

பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார் ஆவுடையப்பன் சார். 'ஐந்து நாள் உயர்நிலைக் கணினிப் பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்த எங்கள் பள்ளியின் பெருமை!' என்று என் முகம். கீழே ஐந்து படம், ஐந்து நாள், ஐந்து சேலை. மாம்பழக் கலர் எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் தேர்வு முடிந்து வந்த பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றன. நான் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போகும்போது முப்பிடாதி ஓடி வந்தாள்.

"மிஸ், உங்க போட்டோல உள்ள போர்ட பாத்தேன். அந்த ப்ரோக்ராம் அஞ்சுக்குப் போகவே போகாதே மிஸ்? மொத நாள்லயே சுத்திட்டுக் கெடக்கும்லா?"

"என்னளா சொல்லுதே?"

"அஞ்சு படத்துலயும் அதே ப்ரோக்ராம் அப்படியே இருக்கு. அஞ்சு நாளும் யாருமே சரி பண்ணலியா மிஸ்?"

கூட நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்தன. நல்ல மனதோடுதான் கேட்டாள். அதுதான் கொடுமை. எனக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டேன், ஏதோ காரணம் இருக்கும் என்று அவள் முழுக்க நம்புகிறாள்.

வாய் தானாகச் சொல்லிற்று. "அது தேர்வுல வராது."

"இனிமே வருமாமே மிஸ்," என்றாள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஹெல்மெட் போட மறந்துவிட்டது.

ஏப்ரல் 11, சனி

விடுமுறை. ஆனாலும் பள்ளிக்குப் போய்க் கணினி அறையைத் திறந்தேன். வாட்ச்மேனிடம் தூசி தட்ட வந்ததாகச் சொன்னேன்.

ஓடுகிற ஏழில் ஒன்றில் உட்கார்ந்து அந்த மூன்று வரியை அடித்தேன். ஓட விட்டேன். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. ஆற்றில் வெள்ளம் மாதிரி வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. பத்தொன்பது வருட அனுபவம், நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

இருட்டுத் திரையில் என் முகம். அப்போதுதான் புரிந்தது. நாளுடன் ஒன்று கூட்டு என்று ஒரு வரி இல்லை. நாளைக் கூட்டச் சொல்லவே இல்லை, பின்னே அது எப்படி இரண்டாகும்? எத்தனை தடவை சுற்றினாலும் முதல் நாள்தான். நாங்களும் ஐந்து தடவை சுற்றினோம், ஐந்து சேலையில்.

சிரித்தேன். தனியாக, சத்தம் போட்டு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்று அழுகை வந்தது. தூசி என்று எழுத இன்று மனமில்லை. அழுதேன். எனக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடம் மட்டும்தான் தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூன்று வருடம் நான் கெஞ்சியது எனக்காகத்தான். ஜெபக்கனி, நீ மன்னித்துக்கொள்.

ஆனால் அந்த வரியை நானே சேர்த்தேன். ப்ளக்கைச் சொருகி, மறுபடி மூன்று வரி அடித்து, நான்காவதாக 'நாளுடன் ஒன்று கூட்டு'. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நின்றது. புத்தகத்தில் இல்லாத ஒரு ப்ரோக்ராமை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரி செய்திருக்கிறேன். நான்கு வரிதான். இருந்தால் என்ன?

ஏப்ரல் 22, புதன்

கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஆவுடையப்பன் சார் ஆசிரியர் அறையில் உரக்க வாசித்தார். நாற்பது ஆசிரியர்களும் முழுத் தேர்ச்சி பெற்றதாக அறிக்கை காட்டுவதால், இந்த மாவட்டத்துக்கு இனிப் பயிற்சி நிதி தேவைப்படாது என்று மகிழ்ச்சியுடன் கருதுகிறார்களாம். பணம் பின்தங்கிய வேறு மாவட்டத்துக்குப் போகிறது. நாங்கள் முன்னேறிவிட்டோம்.

அதோடு போயிற்றா? தேர்ச்சி பெற்ற நாற்பது பேரும் இனி முதன்மைக் கருத்தாளர்கள். அவரவர் வட்டாரத்தில் மற்றவர்களுக்கு ஜூனில் ஒரு நாள் பயிற்சி தர வேண்டும். எங்கள் வட்டாரத்துக்குக் கருத்தாளர், திருமதி மங்கையர்க்கரசி. நிதி? 'பள்ளி அளவில் ஏற்பாடு செய்துகொள்ளவும்.'

"வாழ்த்துகள் மிஸ்!" என்றார் ஆவுடையப்பன் சார்.

நன்றி சொன்னேன். நானே வெட்டிய குழியில் எனக்கே பொன்னாடை.

ஏப்ரல் 25, சனி

ஃபர்சானாவின் போன் நம்பரைப் பிச்சுமணி சாரிடம் வாங்கினேன். நன்றிக் கடிதம் அனுப்ப என்று சொன்னேன். நம்பரை வைத்துக்கொண்டு அரை நாள் இட்லி மாவு ஆட்டினேன்.

சாயங்காலம் போட்டேன்.

"நாள் கூடல," என்றேன், ஹலோ கூடச் சொல்லாமல்.

அந்தப் பக்கம் சிரித்தாள். "மாம்பழக் கலர் சேலை மேடமா?"

"ஆமாம்மா. அன்னைக்குக் கொசு இல்ல."

"தெரியும் மேடம். நான் அன்னைக்கு ஊருக்குப் போற பஸ்ல அழுதுட்டே போனேன். அஞ்சு நாளுக்கு அவ்வளவு தயார் பண்ணியிருந்தேன்."

அந்த யோசனை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கிண்டலாகச் சொன்னது என்பதையும் சொன்னேன். அது எதையும் குறைக்கவில்லை.

"அந்த அஞ்சு நாளுப் பாடம் இன்னும் இருக்காம்மா உன்கிட்ட?"

"இருக்கு. ஆனா கம்பெனி இனி அனுப்ப மாட்டாங்க மேடம்."

"கம்பெனி வேண்டாம். நீ ஞாயித்துக்கிழமை காலைல சும்மா இருப்பியா?"

மே 10, ஞாயிறு

போனிலேயே மூன்றாவது வகுப்பு. இன்று ஏழு தப்பு செய்தேன். ஏழையும் கண்டுபிடித்தேன். ஒன்றுக்கு மட்டும் ஃபர்சானா உதவினாள். இவர் காபி போட்டுக் கொடுத்தார். நாக்கில் வைக்க முடியவில்லை. குடித்தேன்.

மே 24, ஞாயிறு

திரையில் ஓடுவதை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். இரண்டு பொத்தான். ப்ளக்கைப் பிடுங்கினேன் என்று சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு மேலப்பாளையம் வரை கேட்டிருக்கும்.

ஜூன் 6, சனி

வட்டாரப் பயிற்சி, எங்கள் கணினி அறையில். ஆவுடையப்பன் சார் உபயம் டீ. விளக்கு இல்லை, பொன்னாடை இல்லை.

காலை ஒன்பதரைக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பெரிய பை. ஒருத்தர் சூட்கேஸே கொண்டு வந்திருந்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எந்த ரூம்ல மாத்தணும் மிஸ்?" என்று ஒரு புது ஆசிரியை கேட்டாள். "போன தடவ அப்படித்தானாம்லா? அஞ்சு செட் எடுத்துட்டு வரணும்னு சொன்னாக."

என் கீர்த்தி எனக்கு முன்னால் போயிருக்கிறது.

ஜெபக்கனி பின்வரிசையிலிருந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளும் ஒரு பை கொண்டு வந்திருந்தாள், கத்தரிப்பூ நிறம்.

"பையெல்லாம் வராண்டால வச்சிருங்க," என்றேன். "இன்னைக்கு ஒரு நாள்தான். ஒரே சேலைதான்."

போர்டில் அந்த மூன்று வரியை எழுதினேன். மார்க்கர் அழிகிறதா என்று முதலில் சோதித்துக்கொண்டேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. போன மார்ச்சுல நாப்பது பேரு இதப் பாத்துட்டே இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. எனக்குச் சுட்டிக்காட்டினது என் கிளாஸ்ல உள்ள புள்ள. அதனால தப்பாச் சொன்னா யாரும் சிரிக்க மாட்டோம். சிரிக்கதுக்கு இங்க யாருக்கும் யோக்கியதை இல்ல."

மின்விசிறி. அதே மின்விசிறிச் சத்தம்தான், ஊர் உலகம் முழுக்க அதற்கு ஒரே சத்தம்.

முதலில் கை தூக்கியவள் ஜெபக்கனி. தப்பாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து சூட்கேஸ்காரர், அவரும் தப்பு. ஆனால் அதற்கப்புறம் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு கணினிக்கு இருபத்தாறு பேர் அடித்துக்கொண்டார்கள். பதினொன்றரைக்கு ஏதோ ஒரு மூலையில், "ஏ, நாளு கூடவே இல்லலா!" என்று ஒரு கத்தல். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குப் பிச்சுமணி சார் படம் எடுக்க வந்தார். ஒரு படம் எடுத்துவிட்டு வாசலில் நின்றார்.

"மிஸ், மாத்தலியா?"

"மாத்தியாச்சு சார்," என்றேன்.

அவர் என் சேலையை மேலும் கீழும் பார்த்தார். காலையில் கட்டிய அதே பச்சைதான். புரியாமல் போய்விட்டார்.

நாலு மணிக்கு முடிய வேண்டியது ஐந்தே காலுக்கும் முடியவில்லை. பாதிகூடத் தாண்டவில்லை. உத்தரவு ஒரு நாளுக்குத்தான். ஃப்ளெக்ஸ், பிரியாணி ஒன்றும் கிடையாது, நாளைக்கு டீயும் கிடையாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதான், போயிட்டு வாங்க," என்றேன்.

ஒருத்தரும் உடனே எழவில்லை. ஜெபக்கனிதான் கேட்டாள்.

"ஏட்டி மங்கை, நாளைக்கு நான் சர்ச் முடிச்சிட்டு வாரேன். திறந்து வப்பியா?"

ஜூன் 7, ஞாயிறு

பதினொரு பேர் வந்தார்கள். டீ நான் வீட்டிலிருந்து கொண்டு போனேன். ஃபர்சானா போனில். முப்பிடாதி, யாரும் கூப்பிடாமலே, ஜன்னலோரம்.

வாசலில் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டே இவர் என்னை வண்டியில் இறக்கிவிட்டார். "என்ன, இன்னைக்கு வேற சேலை?" என்றார் நக்கலாக.

ஆமாம், வேறு சேலை. இன்று வேறு நாள்.